செங்கொடி மேடையிலிருந்து பொன் நிலவுக்கு

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். கிராமத்துப் பாட்டு பாடிக்கிட்டிருந்த ஒருத்தர் ஒருநாள் கிட்டாரைக் கையில எடுத்து, காதல், நிலா, மழைன்னு பாட ஆரம்பிச்சுட்டார்னு வைங்க. அவர் வளர்ந்துட்டாரா? இல்ல, விலைபோயிட்டாரா?

அமெரிக்காவில் இது பழைய பஞ்சாயத்து. கண்ட்ரி பாடகர்கள் பாப் பக்கம் தாவுவதும், பழைய ரசிகர்கள் கோபப்படுவதும் அங்கே தலைமுறைக்கு ஒருமுறை நடக்கும். நம்ம ஊரில் இதே பயணத்தைப் போனவர் ஒருவர் இருக்கிறார். அவரை நாம் இந்தக் கோணத்தில் பார்ப்பதே இல்லை, ஏன்னா அவர் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறார். இளையராஜா.

'அவர் கதைதான் எல்லாருக்கும் தெரியுமே'ன்னு நீங்க ஆஃப் பண்றதுக்கு முன்னாடி, 1976-க்குப் பதிலா 1958-லிருந்து ஆரம்பிக்கிறேன்.

தேவிகுளம், 1958

கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. 126 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் மெலிசான பெரும்பான்மை. அந்த நேரத்தில் தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, இடைத்தேர்தல் வருகிறது. மூணாறு தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் தொகுதி அது. வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிடம் மலையாளத்தில் பேசினால் எடுபடாது. தமிழில் பேசணும். பேசுவதைவிடப் பாடணும்.

அப்படி மலையேறிப் போனவர்தான் பாவலர் வரதராஜன். இன்றைய தேனி மாவட்டத்தில் இருக்கும் பண்ணைப்புரத்துக்காரர், இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா ஜெயித்தார். அந்த வெற்றி பாவலரின் பாட்டுக்குக் கிடைத்தது என்று இ.எம்.எஸ். சொன்னதாக ஒரு கதை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ராசையா என்ற பதின்ம வயதுப் பையன் அந்தச் சமயத்தில்தான் அண்ணனோடு மேடை ஏறத் தொடங்குகிறான். அடுத்த பத்து வருஷம் அவனுக்குப் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாமே அந்தக் குழுதான். முதலில் பெண் குரலில் பாடினான். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியத்துக்கு மாறினான். பாஸ்கர், ராசையா, அமர்சிங் என மூன்று தம்பிகள். அமர்சிங்தான் பின்னாளில் நமக்குத் தெரிந்த கங்கை அமரன்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். பாவலர் மேடையில் பாடியது எல்லாமே வயல்காட்டு மெட்டு இல்லை. மக்கள் வாயில் புழங்கும் சினிமா மெட்டுகளையும் எடுத்து, அதற்குள் கட்சிச் சொற்களைப் போட்டுப் பாடுவார். நேத்து தியேட்டரில் காதலுக்காகக் கேட்ட மெட்டு, இன்னைக்குத் தெருமுனையில் கூலி உயர்வுக்காக ஒலிக்கும். அதாவது, காதல் பாட்டுக்கும் போராட்டப் பாட்டுக்கும் நடுவில் இருந்த கதவை இந்தக் குடும்பம் முதலில் திறந்தது எதிர்த் திசையில்.

மேடையிலிருந்து ஸ்டூடியோவுக்கு

1968-இல் ராசையா சென்னை வருகிறார். தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்கிறார். மேற்கத்திய இசையின் இலக்கணம், எழுதி வாசிக்கும் முறை, பாக், பீத்தோவன், மொசார்ட் எல்லாம் அங்கேதான். 'ராஜா' என்ற பெயர்கூட அந்த வகுப்பில் வந்ததுதான். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வுகளை எழுதித் தேறுகிறார். கன்னடத்தில் பெரிய இசையமைப்பாளராக இருந்த ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளராக வேலை. மற்ற இசையமைப்பாளர்களுக்கு கிட்டார் வாசிப்பது தினசரி வருமானம்.

இதுக்கு நடுவுல அண்ணன் பாவலர் இறந்துபோகிறார். தம்பி இசையமைப்பாளர் ஆனதை அவர் பார்க்கவே இல்லை.

1976 மே மாதம் 'அன்னக்கிளி' வருகிறது. பஞ்சு அருணாசலம் வாய்ப்புக் கொடுத்த படம். ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருந்ததால், இந்த ராஜாவுக்கு முன்னால் 'இளைய' சேர்த்ததும் அவர்தான். படம் வந்தது நெருக்கடி நிலைக் காலத்தில். அரசியல் மேடைகள் அடங்கிக் கிடந்த நேரம் அது. ஊர் ஊராக வண்டி கட்டிப் போய்ப் பாடியவர்கள் வீட்டில் பிறந்த இசை, அந்த வருஷம் ஒலிபெருக்கியில் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

அப்போது நம் இளைஞர்கள் வாயில் 'ஆராதனா', 'பாபி' மாதிரி இந்திப் படப் பாட்டுகள். நவீனம் என்றால் பம்பாய் என்ற நினைப்பு. 'அன்னக்கிளி' அதைத் திருப்பிப் போட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் 'கிராமத்து இசை ஜெயிச்சுது'ன்னு சொல்லிட்டா பாதிக் கதைதான். 'மச்சானப் பாத்தீங்களா' பாட்டை ஹெட்ஃபோன் போட்டு ஒருமுறை கேளுங்க. மேலே எஸ். ஜானகியின் குரலில் போவது நம்ம ஊர் மெட்டு. அடியில் வாத்தியங்களைக் கோத்திருக்கும் விதம் தாளில் எழுதி வாசித்த இசை. கிராமமும் நகரமும் முதல் படத்திலேயே ஒரே பாட்டில் குடி வந்துவிட்டன.

கிட்டார் யார் கையில்?

அடுத்த நாலைந்து வருஷங்களை நான் வரிசையாகப் பார்த்தபோது ஒரு வேடிக்கையான விஷயம் கண்ணில் பட்டது.

1977, '16 வயதினிலே'. மண்ணின் இசை முழுசாக இருக்கிற படம். அதில் மயிலை ஏமாற்றுவது யார்? பட்டணத்திலிருந்து வரும் கால்நடை மருத்துவர்.

1978, 'சிகப்பு ரோஜாக்கள்'. அதே பாரதிராஜா, ஆனால் நகரம். 'நினைவோ ஒரு பறவை' என்ற பாட்டை கமல்ஹாசனே ஜானகியோடு சேர்ந்து பாடியிருப்பார். எவ்வளவு மென்மையான பாட்டு! படத்தில் அந்த ஆள் பெண்களைக் கொல்பவன்.

1980, பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. இளையராஜாவின் நூறாவது படம். 'என் இனிய பொன் நிலாவே'. ஜேசுதாஸ் குரல். இன்றைக்கும் கல்லூரி விடுதியில் கிட்டார் பழகும் பையன் முதலில் வாசிக்க ஆசைப்படும் பாட்டுகளில் ஒன்று. படத்தில் அதைப் பாடுவது பிரதாப் போத்தன். எந்தச் சூழ்நிலையில் தெரியுமா? தான் கடத்திக்கொண்டு வந்து ஊட்டியில் அடைத்து வைத்திருக்கும் பெண்ணிடம். அவனும் கொலைகாரன்.

இந்தப் படங்களை மட்டும் அடுக்கினால் ஒரு கணக்குத் தெரிகிறது. கிராமத்து மெட்டு என்றால் வெள்ளந்தி. கிட்டார் என்றால் பட்டணத்து ஆண், அழகானவன், ஆபத்தானவன். நம்ம சினிமாவுக்கு அந்தப் புது ஓசை மேல ஆசையும் இருந்துச்சு, பயமும் இருந்துச்சு. 1978-இல் 'ப்ரியா' பாட்டுகளை ஸ்டீரியோவில் பதிவு செய்தபோதுகூட, கதை நடந்த இடம் சிங்கப்பூர். பளபளப்பான இசைக்குப் பளபளப்பான ஊர் தேவைப்பட்டது.

1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வருகிறது. 'இளைய நிலா பொழிகிறதே' பாட்டின் கிட்டார் இழையை வாசித்தவர் சந்திரசேகர். மேடையில் பாடும் மோகன் யாரையும் கடத்தவில்லை, கொல்லவில்லை. பாட்டு பாடி மேலே வர நினைக்கும் ஓர் ஏழை இளைஞன். என் கணக்கில், கிட்டார் நல்லவன் கைக்கு வந்து சேர்ந்த இடம் இது. அதற்குப் பிறகு நம் ஊரில் காதலுக்கு அந்த ஓசையே அடையாளம் ஆகிப்போனது.

இன்னொன்றும் கவனிங்க. மேற்கே இந்த வகைப் பாட்டை 'வெயில் அடிக்கிற பாப்'னு சொல்வாங்க. புதுச்சேரியில் மே மாசம் மத்தியானம் கடற்கரைச் சாலையில் நடந்து பார்த்தவர்கள் யாரும் வெயிலைக் காதலோடு சேர்க்க மாட்டார்கள். நமக்கு இன்பம் நிலாவில்தான். அங்கே ஆல்பத்துக்குப் பொன் வெயிலின் பெயர், இங்கே பாட்டுக்குப் பொன் நிலாவின் பெயர். உணர்வு ஒண்ணுதான், தட்பவெப்பம் வேற.

நாஷ்வில் பக்கம் ஒரு எட்டு

பொன் வெயில்னு சொன்னேனே, அது கேசி மஸ்கிரேவ்ஸ். டெக்சாஸில் கோல்டன் என்ற சின்ன ஊர்க்காரி. 2013-இல் வந்த முதல் பெரிய ஆல்பத்தில் சிறு ஊர்களின் போலித்தனத்தைக் கிண்டல் செய்து பெயர் வாங்கினார். 2018-இல் 'கோல்டன் ஹவர்'. காதலில் விழுந்த ஒரு பெண்ணின் நிம்மதி முழுசாக நிரம்பிய ஆல்பம். சின்தசைசர் இருக்கிறது, குரலை எந்திரம் போல மாற்றும் வோகோடர் இருக்கிறது, ஒரு பாட்டில் டிஸ்கோ தாளமே இருக்கிறது. கண்ட்ரி வானொலிகள் அவ்வளவாக ஒலிபரப்பவில்லை. ஆனால் 2019-இல் அதுதான் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது.

எனக்கு அந்த ஆல்பத்தில் பிடித்தது பாஞ்சோ. அவ்வளவு மின்னணு ஓசைகளுக்கு நடுவிலும் அந்தக் கிராமத்து வாத்தியம் எங்கேயோ ஓரத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். ஊரை விட்டுக் கிளம்பியவள் ஊர்ச் சாமானை மூட்டையில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

'பொன் நிலாவே' பாட்டிலும் அப்படி ஒரு மூட்டை இருக்கு. அந்த மெட்டு நடபைரவி. அதே ஏழு சுரங்களை மேற்கத்திய இசையில் மைனர் ஸ்கேல் என்பார்கள். ஒரு பக்கமிருந்து பார்த்தால் மேளகர்த்தா ராகம், இன்னொரு பக்கமிருந்து பார்த்தால் கிட்டார் கற்பவன் முதலில் தொடும் ஸ்கேல். பேஸ் கிட்டாரும் கார்டுகளும் மேற்கே இழுக்க, குரல் தமிழில் வளைந்து போகிறது. ரெண்டு ஊருக்கும் பொதுவான பாலத்தைத் தேடிப் பிடிச்சு அதுமேல நடந்திருக்கார்.

பாட்டை எழுதியது யார்? கங்கை அமரன். செங்கொடி மேடைகளில் அண்ணன்களோடு நின்ற கடைசித் தம்பி.

புதுச்சேரியில் ஒரு மறுப்பு

சரி, கதையின் மறுபக்கத்துக்கு வருவோம். இதே கேள்விக்கு வேறு பதில் சொன்னவர் நம்ம ஊரில் வாழ்ந்தார். கே.ஏ. குணசேகரன். சிவகங்கைப் பக்கத்துக்காரர். நாட்டுப்புறப் பாடகர், ஆய்வாளர், நாடகக்காரர். காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தில், சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இயங்கும் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியர். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தியவர். தன் வாழ்க்கையை 'வடு' என்று எழுதியவர். 'பலி ஆடுகள்' நாடகத்தைத் தந்தவர். 2016-இல் மறைந்தார்.

இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது அவர் குரல்தான். கீழ்வெண்மணிக்குப் பிறகான தமிழ்நாட்டின் கோபம் அந்தப் பாட்டில் இருக்கிறது. அவர் பறையையும் ஊர்ப் பாட்டையும் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார். மெருகு ஏற்றி இனிப்பாக்கித் தரவில்லை. 'இந்தப் பாட்டைப் பாடினவங்க யார், எதுக்குப் பாடினாங்க' என்ற கேள்வியைப் பாட்டிலிருந்து பிரிக்க அவர் சம்மதிக்கவே இல்லை.

அந்தக் கேள்வி முக்கியம். நடவு வயலில் பாடும்போது ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், இருபது பேர் வாங்கிப் பாடுவார்கள். அந்த மெட்டு சினிமாவுக்கு வரும்போது 'நாங்கள்' போய் 'நானும் நீயும்' ஆகிவிடுகிறது. வேலை மறைந்து காதல் மட்டும் மிஞ்சுகிறது. வயலில் பாடியவளின் பெயர் இசைத்தட்டின் உறையில் வராது. காதல் பாட்டு ஜெயிக்கும்போது தோற்பது யாருன்னு கேட்க ஓர் ஆள் வேணும். குணசேகரன் அந்த ஆள்.

இந்த எபிசோடை நான் எடுத்ததற்குக் காரணமும் இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பாகூர்ப் பக்கம். ஒப்பாரியும் கூத்துப் பாட்டும் பாடிப் பெயர் வாங்கியவன். இப்போ கிட்டாரோட ரெண்டு காதல் பாட்டு போட்டிருக்கான். நல்லா இருக்கு. 'நீயும் மாறிட்டியா'ன்னு நண்பர்களே கேக்குறாங்க. அவன் அடுத்த பாட்டை வெளியிடாம வச்சிருக்கான். அவனுக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சுத்தான் இவ்வளவு தூரம் தோண்டினேன்.

பாவலர் பெயரில் ஒரு காதல்

தோண்டினதுல எனக்குக் கிடைச்சது 1981-ஆம் வருஷப் படம் ஒன்று. 'அலைகள் ஓய்வதில்லை'. பாரதிராஜா இயக்கம். கடற்கரை, பதின்ம வயதுக் காதல், புதுமுகங்களாக கார்த்திக், ராதா. 'ஆயிரம் தாமரை மொட்டுக்களே', 'காதல் ஓவியம்' என அந்தக் காலத்தின் மிக இனிமையான காதல் பாட்டுகள் அதில்தான். பாட்டை மட்டும் கேட்டால் சுகமான இளமைக் காதல், வேறொன்றும் இல்லை.

படத்தைத் தயாரித்தது ஆர்.டி. பாஸ்கர். மேடைகளில் கூடவே இருந்த இன்னொரு அண்ணன். கம்பெனியின் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ். தேவிகுளம் மலையில் தொழிலாளர்களுக்குப் பாடினாரே, அந்தப் பாவலர்.

கதை என்ன? பையன் பிராமணன். பெண் கிறிஸ்தவர். ஊரே எதிர்க்கிறது. கடைசியில் அவன் பூணூலை எறிகிறான், அவள் சிலுவையை எறிகிறாள், இருவரும் கிளம்பிப் போகிறார்கள். மேடையில் பாவலர் இதைப் பேச்சாகச் சொல்லியிருந்தால் ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். தம்பிகள் அதைக் காதல் பாட்டாக ஆக்கியபோது, கட்சிக் கூட்டத்துப் பக்கமே போகாத பிள்ளைகளும் கேட்டார்கள். வீட்டு ரேடியோவில் அப்பா முன்னாடியே கேட்டார்கள்.

நம்ம ஊரில் காதல் பாட்டு எப்போதும் வெறும் இனிப்பு இல்லை. யார் யாரைக் காதலிக்கலாம் என்பதில் சாதி இருக்கு, மதம் இருக்கு, சில நேரம் அரிவாளும் இருக்கு. புதுச்சேரிக்காரரான பாரதிதாசன் இதை 1937-லேயே எழுதினார். 'புரட்சிக்கவி' ஓர் இளவரசிக்கும் கவிஞனுக்கும் நடக்கும் காதல் கதை. அது முடிவது மக்கள் எழுச்சியில். அதற்கு முந்தைய வருஷம், 1936 ஜூலை 30-இல், இதே ஊரில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்திருந்தார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் காதல் கதை எழுதியதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் காதலுக்குள் ஊர் திரண்டு வந்ததிலும் ஆச்சரியம் இல்லை.

1965-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்சார கிட்டாரோடு ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. ரசிகர்கள் கிட்டாரின் வயரைத்தான் பார்த்தார்கள். நாமும் அதே தப்பைப் பண்ண வேண்டாம். எந்த வாத்தியத்துக்கு மாறினார், எந்த விஷயத்துக்கு மாறினார் என்பதை வைத்து ஒரு பாடகரை எடை போட முடியாது. மூட்டையில் எதைக் கொண்டு வந்தார், யாரைப் போய்ச் சேர்ந்தார், வழியில் யாரை விட்டுவிட்டார் என்று பார்க்கலாம். இளையராஜா நிறையக் கொண்டு வந்தார், கோடிப் பேரைப் போய்ச் சேர்ந்தார். கிராமத்தையும் ஒருவழிப் பாதையாக விட்டுப் போகவில்லை. 1985-இல் 'முதல் மரியாதை', 1989-இல் மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடிய 'கரகாட்டக்காரன்' என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தார். வயலில் எடுத்துக் கொடுத்தவளின் பெயர் என்ன ஆச்சு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டும் உண்மை. ஒண்ணைச் சொல்றதுக்காக இன்னொண்ண மறைக்கத் தேவையில்லை.

அதனால காதல் பாட்டு எழுத நினைக்கிறவங்க தாராளமா எழுதுங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்களோ, அவங்க பெயரைப் பாட்டோட சேர்த்துப் போடுங்க. பாட்டியா இருந்தாலும் சரி, பறை அடிச்ச மாமாவா இருந்தாலும் சரி. தம்பிகள் அண்ணன் பெயரைக் காதல் படத்தின் முதல் அட்டையில் போட்டார்களே, அந்த மாதிரி.

இன்னைக்கு ராத்திரி ரெண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்க. முதல்ல 'மனுசங்கடா', அப்புறம் 'பொன் நிலாவே'. எந்த வரிசையில் கேட்டப்போ உங்களுக்கு எது மாறுச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.